40 கணினி உள்ள பள்ளிக்கு எந்த இணைய வடிகட்டி?

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளியின் லேபில் 40 விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. ஒரே ஃபைபர் இணைப்புதான். ஆசிரியர்களின் வைஃபையும் அதிலிருந்தே போகிறது. கணினிக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணத்தில் ஒரு வடிகட்டி மென்பொருளை விற்பனையாளர் பரிந்துரைக்கிறார். யூடியூப் பாடங்கள் எங்களுக்குத் தேவை; ஆபாசமும் சூதாட்டமும் வரக்கூடாது. அதை வாங்கலாமா? – கணினி ஆசிரியர், நாமக்கல் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கணினிகள் எல்லாம் பள்ளியைவிட்டு வெளியே போகாதவை, ஒரே இணைப்பில் இருப்பவை. இப்படிப்பட்ட லேபுக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) வழியான வடிகட்டலும் பிரவுசர் கட்டுப்பாடுகளும் சேர்ந்தாலே பெரும்பாலும் போதும். மாணவர்களுக்கு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்குத்தான் ஒவ்வொரு கருவியிலும் நிறுவும் மென்பொருள் அவசியம்.

டிஎன்எஸ் வடிகட்டல் தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123 ஆகிய முகவரிகள் இலவசம். ஆபாசத் தளங்களை அவை தடுத்துவிடும். ஆனால் சூதாட்டத்தைத் தனியாக மூடவோ, தவறாக மூடப்பட்ட தளத்தைத் திறக்கவோ, யார் எங்கே போனார்கள் என்று பார்க்கவோ அவற்றில் வழியில்லை. அதற்குத்தான் கட்டண டிஎன்எஸ் சேவை. அதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். உங்கள் பொது ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) வைத்தே அந்தச் சேவை பள்ளியை அடையாளம் காண்கிறது. இணைப்பு துண்டாகித் திரும்பும்போது முகவரி மாறினால், நீங்கள் போட்ட விதிகள் சத்தமில்லாமல் செயலிழந்துவிடும். நிலையான ஐபி வாங்குங்கள். இல்லாவிட்டால் மாறும் முகவரியைத் தானே தெரிவிக்கும் வசதி சேவையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தச் சேவையை எடுத்தாலும் மாணவர்கள் நுழைவது மூடாமல் விட்ட பக்கவழிகளில்தான். அவற்றை அடைக்க, இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டி பெரும்பாலும் போதாது. அதன் பின்னால் மைக்ரோடிக் போன்ற சிறிய ரவுட்டரையோ, இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட பழைய கணினியில் ஓப்பிஎன்சென்ஸ் என்ற இலவச ரவுட்டர் மென்பொருளையோ வையுங்கள். லேபிலிருந்து போர்ட் 53 என்ற வாசல் எண் வழியாகப் போகும் சாதாரண டிஎன்எஸ் கோரிக்கைகள் எல்லாவற்றையும் இந்த ரவுட்டருக்கே திருப்புங்கள். மறையாக்கம் செய்த டிஎன்எஸ் போகும் போர்ட் 853-ஐ மூடுங்கள். 8.8.8.8, 9.9.9.9 போன்ற பொது டிஎன்எஸ் முகவரிகளுக்குப் போர்ட் 443 வழியாகப் போவதையும் நிறுத்துங்கள். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இருந்தால் அதற்கும் இதே விதிகள் வேண்டும். முடியாவிட்டால் லேபில் அதை அணைத்துவிடுங்கள். நிறுவனத்தின் பெட்டியில் உள்ள வைஃபையையும் அணைக்க மறக்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கடவுச்சொல் தெரிந்த எவரும் உங்கள் ரவுட்டரைத் தொடாமலே வெளியே போய்விடலாம்.

அடுத்து கணினிகள். மாணவர் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்கட்டும். குரோமில் நிர்வாகக் கொள்கைகள் மூலம் நான்கைச் செய்யுங்கள்: பிரவுசரின் சொந்த மறையாக்க டிஎன்எஸ்ஸை அணைப்பது, எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தையும் தடுப்பது, மறைநிலைச் சன்னலை நீக்குவது, பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்குவது. வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு மறைவழியில் போகவிடும் இலவச விபிஎன்கள் முதலில் எக்ஸ்டென்ஷனாகத்தான் வந்து சேரும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தக் கொள்கைகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை. அங்கே ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வழியாக அமைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள், ஒரு பிரவுசரைப் பூட்டுவதே போதுமான வேலை.

பிரவுசரை மட்டும் நம்பாமல் ரவுட்டரிலும் கூகுள் முகவரியை 216.239.38.120-க்குத் திருப்பினால் தேடல் கட்டாயமாகப் பாதுகாப்பு நிலைக்கு வரும். டாட் காம், டாட் கோ டாட் இன் இரண்டையும் திருப்புங்கள். யூடியூபுக்கும் கடுமை, மிதம் என இரண்டு கட்டுப்பாட்டு நிலைகள் உண்டு. கடுமையான நிலையில் நல்ல பாட வீடியோக்களும் மறைந்துபோகும், ஆகவே மிதத்தில் தொடங்குங்கள். இரண்டிலுமே கருத்துரைகள் தெரியாது. வகுப்புக்கு அது நல்லதே. ஆசிரியர் வைஃபையைத் தனி விலேனாக (ஒரே கருவிகளில் தனித்து இயங்கும் நெட்வொர்க்) பிரித்தால் இந்தக் கட்டுப்பாடு அவர்களைத் தொடாது.

விற்பனையாளர் “எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) பக்கத்தின் உள்ளே பார்த்தே தடுப்போம்” என்று சொல்வார். டிஎன்எஸ்ஸால் அது முடியாது என்பது உண்மைதான். விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு கட்டுரையை அது மறைக்காது. உள்ளே பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கணினியிலும் அவர்களுடைய மூலச் சான்றிதழை (அவர்களை நம்பும்படி கணினிக்குச் சொல்லும் கோப்பு) நிறுவி, போக்குவரத்து முழுவதையும் நடுவில் பிரித்துப் படிக்க வேண்டும். ஆசிரியர்களின் போனில் இது சரிவராது: ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை. வங்கித் தளங்களை விலக்கிவைக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியானால் ஒரு காலையில் எல்லாத் தளங்களும் பிழை காட்டும். உங்கள் லேபுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தால், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள வேகத்தை விட்டுவிட்டு, இப்படி உள்ளே பார்க்கும் டிஎல்எஸ் சோதனை இயங்கும்போது வரும் வேகத்தைக் கேளுங்கள். அது பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும்.

எந்தச் சேவையானாலும் ஐந்து கணினிகளில் இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். கெட்ட சொற்களைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் தேடுங்கள். சொல் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வலுவாக இருக்கும். இந்த இடத்தில்தான் ஓட்டை தெரியும். மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு பாருங்கள்: பன்னிரண்டாம் வகுப்பின் மனித இனப்பெருக்கப் பாடம், மார்பகப் புற்றுநோய், மாதவிடாய், 1098 குழந்தைகள் உதவி எண் பற்றிய பக்கம் ஆகியவை திறக்க வேண்டும். உதவி தேடும் பிள்ளைக்கு முன்னால் தடைப் பக்கம் வந்து நிற்பது, கெட்ட தளம் திறப்பதற்குக் குறையாத தவறு. தளத்தைத் திறந்துவிடும் அதிகாரம் பள்ளியிலேயே ஒருவரிடம் இருக்கட்டும். விற்பனையாளருக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று நாள் காத்திருந்தால் ஆசிரியர் தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுவார். அத்தோடு வடிகட்டி முடிந்தது.

பதிவுகள் எங்கே, எத்தனை நாள் சேமிக்கப்படுகின்றன என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். எல்லாக் கணினியிலும் ஒரே மாணவர் கணக்கு இருந்தால் பதிவு கணினியைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அதை வைத்து யாரையும் தண்டிக்க வேண்டாம்.

கையெழுத்திடும் முன் கேட்க இன்னொன்று: உரிமம் முடிந்த மறுநாள் இணையம் முழுவதும் நிற்குமா, வடிகட்டல் மட்டும் நின்று எல்லாம் திறந்துகிடக்குமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.