ஒரே கேள்விக்கு மூன்று எண்கள்: எதை எடுப்பது?

கேள்வி: கொழும்பில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மலையகத் தமிழரின் சனத்தொகை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். கூகுளில் தேடினால் ஓரிடத்தில் 4.1 வீதம், இன்னோரிடத்தில் 4.4, வேறொன்றில் 5.1 என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றும் அரச குடிசன மதிப்பீட்டில் இருந்து வந்தவைதான். ஆனால் அவை எண்ணியது ஒன்றையல்ல.

4.1 என்பது 2012இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர். மலையகத் தமிழருக்கு அந்தக் கணக்கெடுப்பில் இருந்த பெயர் அதுதான். 4.4 அதே வருடம் தோட்டத்துறையில் வசித்தோர், எந்த இனத்தவரானாலும். 20 ஏக்கருக்குக் குறையாமலும், தங்கியிருக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டத்தையே அங்கு தோட்டத்துறை என்கிறார்கள். கொழும்பு நகரின் கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் மலையகக் குடும்பம் இந்தக் கணக்கில் வராது. 5.1 என்பது 2001இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர். யுத்தத்தால் அந்த வருடம் 25 மாவட்டங்களில் 18இல்தான் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. வீதமும் அந்த 18 மாவட்ட மக்களுக்குள்தான். ஆகவே "5.1இல் இருந்து 4.1 ஆகக் குறைந்தது" என்று எழுதினால் கட்டுரையின் அடித்தளமே பிழைத்துவிடும். பத்துத் தளங்கள் அப்படிச் சொன்னாலும் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருந்தால் அது ஒரே சான்றுதான்.

எண் கிடைத்ததும் அதன் ஊற்றைத் தேடுங்கள். கூகுளில் 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி (:) இட்டு, இடைவெளி விடாமல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணைய முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அட்டவணை கிடைத்ததும் தலைப்பையும் அடிக்குறிப்பையும் முதலில் வாசியுங்கள். எந்த மாவட்டம் விடுபட்டது என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அட்டவணை எண், பக்கம், வருடம், பார்த்த திகதி நான்கையும் உடனே குறியுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்கொலர். மலையகம், பெருந்தோட்டம், இந்திய வம்சாவளி என ஒவ்வொரு சொல்லாகத் தேடுங்கள். ஒரு சொல்லோடு நின்றால் பாதி தவறிப்போகும். தமிழ் நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணையத்தில் ஓர் எண்ணிம நூலகம் இருக்கிறது. இணையத்தில் இல்லாத பழைய நிர்வாக அறிக்கைகளுக்கு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டையும் மேற்பார்வையாளரின் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

சாட்ஜிபிடி தரும் உசாத்துணைகளின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். எங்கும் அகப்படாவிட்டால் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.