பழைய ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்கள்: கேள்வி பதில்

பதினெட்டு வருடமாகப் பழைய ஆட்டோமேட்டிக் மெஷின்களைச் சேர்த்து, பிரித்து, சரிசெய்து, அவற்றிலேயே துணியும் துவைத்து வருகிறேன். மெக்கானிக்கல் டைமர் உள்ள மெஷின்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். எலக்ட்ரானிக் போர்டு வைத்தவை எனக்குத் தெரியாது.

கேள்வி: முதல் முறையாக ஒன்று வாங்கப் போகிறேன் சார். எதில் தொடங்கலாம்?

அமெரிக்கக் கம்பெனிகளான மேடேக்கின் ஹெலிக்கல் டிரைவ், இல்லையென்றால் வேர்ல்பூலின் பெல்ட் டிரைவ். கென்மோர் பெயரில் விற்றதும் அந்த வேர்ல்பூல்தான். இரண்டுமே அடிப்படை அமைப்பு மாறாமல் பல பத்தாண்டுகள் தயாரானவை, அதனால் ஒரு மெஷினை உடைத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுக்க முடியும். மேடேக்கில் மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் அஜிடேட்டர், அதாவது டப் நடுவே நின்று துணியை அலசும் தூண், ஆடும், எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியில் உள்ள கப்பி மரையில் ஏறி பிரேக்கை விடுவிக்கும், டப் முழுவதும் சுழன்று பிழியும். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு விஷயம், அதன் பெல்ட் டப் வேகம் எடுக்கும்வரை வழுக்க வேண்டும், மோட்டார் உருளை மேல் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். அளவு சரியாக இருக்கிறதே என்று வண்டிக்குப் போடும் பெல்ட்டை மாட்டாதீர்கள், அது வழுக்காமல் பிடித்துக்கொண்டு மோட்டாரை வதைக்கும்.

வேர்ல்பூலில் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். கியர் பெட்டி மேல் இரண்டு மின்காந்தங்கள் இப்படியும் அப்படியும் ஆடி, துவைப்பதா பிழிவதா என்று கம்பிகளை இழுத்துவிடும். ஆடி ஆடி அங்கே போகும் வயர் அறுந்துபோவது வழக்கமான பழுது. மெஷின் தண்ணீர் பிடித்துவிட்டுச் சும்மா உறுமிக்கொண்டிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

1937-ல் வந்த பென்டிக்ஸ்தான் வீட்டு ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்கு முன்னோடி, எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் அதில் அதிர்வைத் தாங்கும் தொங்கல் அமைப்பு இல்லை, தரையில் போல்ட் போட்டு இறுக்கித்தான் ஓட்ட முடியும். முதல் மெஷினாக அது வேண்டாம்.

கேள்வி: முப்பது வருடம் மூலையில் கிடந்த மெஷின். ஓடுகிறதா என்று இன்றே பார்த்துவிடலாமா?

கூடாது. வீட்டுக்கு வந்த அன்று பிளக்கைச் சொருகாதீர்கள். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் பின் பலகையைக் கழற்றுங்கள். எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்திருக்கும். ரப்பர் உறை போட்ட பழைய வயர் வளைத்தால் பொருபொருவென்று உதிரும், அதைத் தயங்காமல் மாற்றுங்கள். இரண்டு முள் பிளக் இருந்தால் எர்த் சேர்த்து மூன்று முள்ளாக்குங்கள், தண்ணீரும் இரும்புப் பெட்டியும் சேர்ந்த இடம் இது. மோட்டார் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று மெக்கரில் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும், சாதாரண மல்டிமீட்டர் அதற்குப் போதாது. பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கப்பியைக் கையால் சுற்றுங்கள். பம்ப்பையும் தனியாகச் சுற்றிப் பாருங்கள், அதன் சீல் தண்டோடு ஒட்டிப்போயிருக்கும், அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் கிழிந்துவிடும். நானே ஒரு முறை பொறுமையில்லாமல் சொருகி, இரண்டே நொடியில் மாற்றுக் கிடைக்காத ஒரு பம்ப் சீலை இழந்தேன், அந்த மெஷின் நான்கு வருடம் அப்படியே நின்றது.

எண்ணெய் நிரப்பிய பழைய கப்பாசிட்டர் இருந்தால் கையுறை போட்டு எடுத்துத் தனியே வையுங்கள். அமெரிக்கா 1979-ல் தயாரிப்பையே தடைசெய்த பிசிபி என்ற நச்சு எண்ணெய் அதற்குள் இருக்கலாம். அதை உடைக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: ஃப்ரிஜிடேரில் அஜிடேட்டர் மேலும் கீழும் குதிக்குமாமே?

ஆமாம். ஜெனரல் மோட்டார்ஸ் கையில் ஃப்ரிஜிடேர் இருந்த காலத்து வடிவமைப்பு அது, 1947-ல் வந்தது. மற்றவை திருகித் துவைக்கும், இது துணியை மேலிருந்து கீழே உறிஞ்சி இழுக்கும். பிழியும்போது நிமிடத்துக்கு 1140 சுற்று வரை போகும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் உள்ளமைப்பு சிக்கலானது, இரண்டு மூன்று மெஷின் பிரித்த பிறகு தொடுங்கள்.

கேள்வி: அமெரிக்க மெஷின், 120 வோல்ட். எங்களிடம் 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதுமா?

வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு) மாறாது. அங்கே 60, இங்கே 50. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், 1725 சுற்று ஏறக்குறைய 1440 ஆகிவிடும். டைமர் மோட்டாரும் அப்படியே, 30 நிமிடத் துவைப்பு 36 நிமிடம் ஆகும். அதனால் துணிக்குக் கேடில்லை, பிழிவது மட்டும் கொஞ்சம் குறையும்.

உண்மையான சிக்கல் சூடு. 50 ஹெர்ட்ஸில் முழு 120 வோல்ட் கொடுத்தால் மோட்டாரின் இரும்பு இதற்குமேல் காந்தம் ஏற்க முடியாமல் நிறைவடைந்து, மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுக்கும். வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதத்தைக் காப்பாற்ற வேண்டும்: 120-க்கு 60 என்றால் 100-க்கு 50. அதனால் 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தேடுங்கள், சும்மா 110 என்று விற்பதை வாங்காதீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும், ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் பெரியதாகவே இருக்கட்டும். வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவ் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இவை ஒற்றை ஃபேஸில், ஸ்டார்ட் சுவிட்ச் வைத்த மோட்டார்கள், அந்த டிரைவ்கள் இவற்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: எங்களிடம் உள்ளதற்கு என்ன விலை கிடைக்கும்?

விலை நான் சொல்வதில்லை.

கேள்வி: சார், நேற்றுதான் வாங்கினேன், சொருகினேன், கருகிய வாசனை வந்தது...

இரண்டாவது பதிலைப் படியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: இப்போதைய சோப்புத்தூள் போடலாமா?

போடலாம், அளவில் கை அடக்கம் வேண்டும். நுரை அதிகமானால் வெளி டப்புக்கும் உள் டப்புக்கும் நடுவே அடைத்துக்கொண்டு பிழியும்போது பிரேக் மாதிரி பிடிக்கும், மோட்டார் திணறும். பழைய ஃபிரன்ட் லோடுக்கு நுரை குறைந்த தூள் மட்டும்தான். நுரையைப் பார்த்து அழுக்குப் போகிறதா என்று கணிக்காதீர்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது மெழுகாகப் படிந்து நாறும்.

கேள்வி: உலகில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம். அதிலும் துணி துவைத்துத் தேய்ப்பது சரியா? காட்சிக்கு வைப்பதுதானே முறை?

இதற்காகத்தான் இன்று வந்தேன் என்றே சொல்லலாம். ஓடாமல் நிற்பதுதான் மெஷினைக் கொல்கிறது. நின்றால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடிந்துவிடும், பேரிங்கின் ஒரே இடத்தில் பாரம் உட்கார்ந்து துரு பிடிக்கும், சீல் காய்ந்து வெடிக்கும். டைமருக்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும்.

அவரே மீண்டும்: டைமர் போனால் புதிது கிடைக்காது. பீங்கான் பூச்சு ஒரு பட்டனில் தெறித்தால் போச்சு. நீங்கள் சொல்வது பயன்படுத்துபவரின் ஆசை, பாதுகாப்பவரின் நியாயமில்லை.

பீங்கான் பூச்சு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஜிப், உலோகப் பட்டன் உள்ள துணியை நானும் பழைய டப்பில் போடுவதில்லை. விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சிய மாடலென்றால் அதில் தினமும் துவைக்க நானும் சொல்லமாட்டேன். ஆனால் பல லட்சம் தயாரான மெஷினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நீங்கள் எதைப் பாதுகாக்கிறீர்கள்? பெட்டியையும் பெயிண்ட்டையும். அது தண்ணீர் பிடிக்கும் சத்தம், டைமர் நகரும் சொடுக்கு, துணி உருண்டு உள்ளே போகும் விதம், இதெல்லாம் ஓடும்போதுதான் இருக்கின்றன.

இன்னொருவர்: அப்படியென்றால் பழைய வயர், பெல்ட் எல்லாம் அசலாகவே இருக்க வேண்டாமா? புதிது போட்டால் அது பழைய மெஷினா?

வயரில் அசல் பார்க்காதீர்கள், உயிர் போகும். கழற்றியதை ஒரு பையில் போட்டுச் சீட்டு எழுதி மெஷினுக்குள்ளேயே கட்டி வையுங்கள். துளை போடாமல், வெட்டாமல், நாளை ஒருவர் பழையபடியே மாட்டக்கூடிய மாதிரி வேலை செய்யுங்கள். அசல் பெயிண்ட்டைச் சுரண்டிப் புதுசு அடிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, அந்தக் கீறலும் அதன் கதைதான். இந்த இடத்தில் முதலில் கேட்டவரோடு நானும் ஒத்துப்போகிறேன்.

கேள்வி: மூடி சுவிட்ச் கெட்டுவிட்டது. நேராக இணைத்துவிடலாமா?

வேண்டாம். சுழலும் டப்பில் ஈரத்துணி கையைச் சுற்றிக்கொண்டால் உங்களால் இழுக்க முடியாது. மூடியைத் திறந்தாலும் நிற்காத பழைய மாடல்கள் இருக்கின்றன, அவற்றை ஓட்டும்போது குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: முதல் மெஷினாக எது நல்லது?

முதல் பதில்.

கேள்வி: தண்ணீர் அதிகம் குடிக்குமே?

குடிக்கும். பெரிய டாப் லோடு ஒரு துவைப்புக்கு 150 லிட்டர் வரை எடுக்கும், இன்றைய ஃபிரன்ட் லோடு 50 லிட்டர் அளவில் முடித்துவிடும். தண்ணீர் குறைவான வீட்டில் தினசரித் துணியைப் புதியதில் போடுங்கள். கடைசி அலசல் தண்ணீரை நான் பிடித்து வைத்து அடுத்த துவைப்புக்கு ஊற்றுகிறேன்.

கேள்வி: அப்படியென்றால் எத்தனை நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் போதும் சார்?

மாதம் ஒரு முறை, துணியோடு, முழுச் சுற்று. வெறும் டப்பைச் சுற்றவிட்டால் கியருக்குப் பாரம் தெரியாது, பழுதும் வெளியே வராது. முடிந்ததும் குழாயை அடைத்துவிடுங்கள், பழைய வால்வை நம்பித் தண்ணீர் அழுத்தத்தை விட்டுவைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தே வையுங்கள்.