பங்குனியில் மொட்டையாய் நிற்கும் வேம்பு

அருப்புக்கோட்டைப் பக்கம் நட்ட நான்கு வருட வேம்பு, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி நிற்கிறது, பட்டுப்போச்சா, வெட்டிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரிவாளைக் கீழே வையுங்கள் சார்.

கட்டைவிரல் நகத்தால் கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்ப்பது வழக்கம்தான். மழை பொய்த்த வருடம் முழு மொட்டையாகிவிடும். இலை இருந்தால்தானே தண்ணீர் ஆவியாகும்! 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அடுத்த கோடையில் எங்கள் வீட்டு வேம்பு விறகு மாதிரி நின்றது. சித்திரையில் செம்பு நிறத்தில் தளிர்த்தது.

பயப்பட வேண்டியது வேறு. இலை கொட்டாமல், நுனிக்கொத்துகள் மட்டும் கருகி மரத்திலேயே தொங்கினால் அது நுனிக்கருகல், பூஞ்சையின் வேலை. பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டித்தான் தலைகாட்டும். உங்களுக்கு அது இல்லை.

தினம் ஒரு குடம் தூரில் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள், வேர் மேலேயே நின்றுவிடும். கிளை விரிந்த அளவுக்கு வட்டப் பாத்தி எடுத்து, வாரம் ஒருமுறை ஏழெட்டுக் குடம் நிதானமாக விடுங்கள். அதற்கு முன் கரிசல் வெடிப்புகளில் மண்ணைத் தள்ளி மூடுங்கள். வெடிப்பு விரிந்தால் சல்லிவேர் அறுந்துபோகும், ஊற்றுகிற தண்ணீரும் நேராகக் கீழே ஓடிவிடும். மேலே சருகு போட்டு மூடாக்கு. உரம் இப்போது வேண்டாம்.