வெடைக்கோழி வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மணப்பாறை பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்குமே என்று ஆறு கோழி வளர்க்க ஆசை. இதுவரை வளர்த்த பழக்கம் இல்லை. தெருவில் மைக் வைத்து வரும் வண்டியில் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. சந்தையில் 'முட்டைக்குத் தயாரான கோழி' என்று விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

முதல் தடவை என்றால் குஞ்சு வேண்டாம். மூன்று, மூன்றரை மாத வெடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாக, வாங்குங்கள். ஒரு கோழிக்கு விலை கூடத்தான் ஆகும், ஆனால் முடிவில் அதுதான் மலிவு.

காரணம் சொல்கிறேன். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். பூனை, காக்கை, எலி எல்லாவற்றுக்கும் அது இரை. இத்தனையும் தாண்டிப் பிழைப்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். வண்டியில் வரும் சாயம் பூசிய குஞ்சு பெரும்பாலும் பொரிப்பகம் கழித்த சேவல் குஞ்சு. அது எத்தனை வருஷம் இருந்தாலும் முட்டை தராது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அதை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில நாளில் செத்துப்போய், அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுதான் மிச்சமாகும்.

சந்தையில் 'முட்டைக்குத் தயார்' என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் கோழிகளைக் கழித்துவிடுவார்கள். கறிக்குப் போக வேண்டிய அந்தக் கழிவுக்கோழி சில நேரம் இளங்கோழி விலைக்குக் கைமாறுகிறது.

அதனால் கோழியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெடைக்கோழியின் கொண்டை சிறிதாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். கால் செதில் வழவழவென்று படிந்திருக்கும். கிழட்டுக் கோழிக்குச் செதில் சொரசொரவென்று தூக்கிக்கொண்டு நிற்கும். மஞ்சள் கால் இனமாக இருந்தால், முட்டையிட்டு இட்டு அந்த மஞ்சளே வெளுத்துப் போயிருக்கும். அடுத்து, கோழியைக் கவிழ்த்துப் பிடித்து வாலுக்குக் கீழே தடவுங்கள். முட்டை வரும் துவாரத்துக்கு இருபுறமும் இரண்டு எலும்பு நுனி தட்டுப்படும். இன்னும் முட்டையிடாத கோழிக்கு அவை நெருங்கி இருக்கும், நடுவில் ஒரு விரல் வைப்பதே கஷ்டம். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போனால் அது முட்டையிடும் கோழி, அல்லது இட்டு ஓய்ந்த கோழி. அலகு நுனி வெட்டியிருந்தால் பண்ணையிலிருந்து வந்தது என்று பொருள். அது குறையில்லை, ஆனால் 'வீட்டில் வளர்த்த நாட்டுக்கோழி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வியாழக்கிழமை அய்யலூர் சந்தை உங்களுக்குப் பக்கம்தான். போய்ப் பாருங்கள், விலை விசாரியுங்கள், நாலு கோழியைத் தூக்கிப் பார்த்துக் கை பழகுங்கள். வாங்குவதை மட்டும் வளர்த்தவர் வீட்டிலோ பண்ணையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்க் கோழி ஒரே கூடையில் அடைபடும் இடத்தில் நோயும் சேர்ந்தே வரும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் விலை ஏறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனத்தைப் பொறுத்தவரை, நாட்டுக்கோழியில் சிறுவிடை வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால் அது நல்ல குணம், முட்டை மட்டும் வேண்டுமானால் இடைஞ்சல். ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா, கொல்லையில் மேயவிட்டாலே 150-க்கு மேல் இடும். ஆனால் அடை உட்காருவது அரிது. அசில் கறிக்கும் கம்பீரத்துக்கும் பேர்போனது, முட்டைக்கு அல்ல. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி, 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோலும் கறியும்தான் கருப்பு. முட்டை வெளிர் பழுப்புதான், யாராவது கருப்பு முட்டை என்று கூடுதல் விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு என் யோசனை: நாலு கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை.

கேள்வி: ரெடிமேட் கூண்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கோழிக்கு முன்னால் கூண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, தெருநாயை வெளியே வைக்காது. பற்றவைத்த கம்பி வலையாக, அரை அங்குலக் கண் உள்ளதாகக் கேளுங்கள். கீரியும் மரநாயும் சின்னச் சந்து கிடைத்தாலே புகுந்துவிடும். கொக்கி வெறுமனே மாட்டும் வகையாக இல்லாமல் பூட்டும் வகையாக இருக்கட்டும். படுக்க உள்ளே குறுக்காக ஒரு கட்டை வேண்டும். பகலில் திறந்துவிடுவீர்கள் என்றால் ஆறு கோழிக்கு நாலுக்கு மூன்றடிக் கூண்டு ராத்திரிக்குப் போதும்.

கேள்வி: மூன்று மாதக் கோழிக்குத் தீவனக் கடையில் லேயர் தீவனம் கொடுத்தார்கள். 50 கிலோ மூட்டையாக வாங்கினால் விலை குறைவாம். வாங்கிவிடலாமா?

இரண்டுமே வேண்டாம். முட்டையிடும் கோழித் தீவனத்தில் ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். முட்டையிடத் தொடங்காத கோழிக்கு அதை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். எட்டு வாரத்திலிருந்து முதல் முட்டை நெருங்கும்வரை வளர்கோழித் தீவனம், அதாவது குரோயர், போடுங்கள். கொண்டை சிவந்து பெருக்க ஆரம்பித்தால் லேயர் தீவனத்துக்கு மாற்ற நேரம் வந்துவிட்டது. கூடவே ஒரு கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

வளர்ந்த கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ என்று வையுங்கள், மேயவிட்டால் இன்னும் குறையும். 50 கிலோ மூட்டை இரண்டரை மாதத்துக்கு மேல் கிடக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்க அது போதும். பூஞ்சைத் தீவனத்தின் நஞ்சு கோழியின் ஈரலைத் தின்றுவிடும். மூட்டையில் தயாரித்த தேதி பார்த்து, ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, சிறிய மூட்டையாக வாங்குங்கள்.

மேயவிட இடம் இருப்பவர்கள் பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். காசில்லாத புரதம் அது. வெடைக்கோழி அதைக் கொத்தித் தின்னும் வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டை இடுமா?

இடும். குஞ்சுதான் பொரிக்காது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருந்தால் சேவல் இல்லாமல் தொடங்குவதே நல்லது.

கேள்வி: ஒரு வியாபாரியிடம் வாங்கிய ஆறு கோழிகளில் நாலு, ஆறாம் நாளுக்குள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து செத்துவிட்டன. 'உங்கள் வளர்ப்பு சரியில்லை' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல் போலத் தெரிகிறது. அந்தக் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். ஆகவே கோழியோடு கூடவே வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை வாய்வார்த்தையாகச் சொன்னால் நிற்காது. அடுத்து ஏதாவது இறந்தால் புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்து, எழுதி வாங்குங்கள். அதோடு பில்லும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய மதிப்பு 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். பில் இல்லையென்றால் ஜிபே செய்த பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, வாங்கிய அன்று எடுத்த படம் எதையும் அழிக்காதீர்கள். எதுவுமே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் பணம் திரும்புவது கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டிலாவது நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: இனம், பொரித்த தேதி, போட்ட தடுப்பூசி, விலை. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா என்ற தடுப்புமருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மூன்று மாதக் கோழிக்கு இந்த மூன்றும் முடிந்திருக்க வேண்டும். தேதி சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மிச்சமிருக்கும் இரண்டுக்கும் ஊசி போட மருத்துவரைக் கேளுங்கள். நோய் கண்ட கோழிக்கு ஊசி உதவாது, எனவே அவர் பார்த்துச் சொல்லட்டும். மருந்துக்குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு உரியது, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வது நல்லது. கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போட்டு இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது. கூண்டைச் சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவைத்து, ஒரு மாதமாவது போகட்டும். அதற்குப் பிறகு புதுக் கோழி வாங்கினாலும் இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துவிட்டு, பிறகு பழைய கோழிகளோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து, 20 வெடைக்கோழிக்குப் பாதிப் பணம் முன்பணமாக அனுப்பினேன். இப்போது போனை எடுப்பதில்லை.

இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் சொன்னால்தான் முடக்க வழி உண்டு. உங்கள் வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

கோழி வியாபாரத்தில் முன்பணம் கேட்டாலே எனக்கு 2012 ஞாபகம் வந்துவிடுகிறது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அது பெரிய தொகை, உங்களுடையது சின்னத் தொகை, ஆனால் இரண்டிலும் பேச்சை நம்பிப் பணம் முன்னாலேயே போனது. நேரில் போய், பகல் வெளிச்சத்தில் பார்த்து, பிடித்துக் கூடையில் போட்ட பிறகு காசு கொடுங்கள். தூரம் அதிகமென்றால், உங்கள் மாவட்டத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் யார் ஒழுங்காக வளர்த்து விற்கிறார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.