ஓப்பன்பிஎஸ்டி: சர்வரில் முதலில், லேப்டாப்பில் பிறகு

கேள்வி: ஐந்து வருடமாக லேப்டாப்பில் லினக்ஸ்தான். வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரில் என் இணையதளமும் மின்னஞ்சலும் ஓடுகின்றன. அதன் லாகைத் திறந்தால் யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்ப்பது தெரிகிறது. ‘ஓப்பன்பிஎஸ்டி போட்டுவிடு, கவலையே இல்லை’ என்கிறார் நண்பர். இரண்டிலும் போடலாமா? அன்றாடம் எனக்கு வீடியோ மீட்டிங் உண்டு. போட்டுவிட்டால் நிஜமாகவே பாதுகாப்புதானா?

பதில்: சர்வரில் போடுங்கள். லேப்டாப்பில் அவசரப்பட வேண்டாம்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ‘கவலையே இல்லை’ என்பதை மட்டும் ஏற்காதீர்கள்.

லினக்ஸ் போல இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அதன் ஆட்கள் எழுதியதை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். சர்வருக்குள் போக நீங்கள் அடிக்கும் எஸ்எஸ்ஹெச், 1999-ல் இந்தத் திட்டத்திலிருந்து வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச்தான். ஓப்பன்பிஎஸ்டி, தியோ டி ராட் 1995-ல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தொடங்கியது. பழைய நிரலை வரிவரியாகத் திரும்பப் படித்து, இன்னும் யாரும் தாக்கப் பயன்படுத்தாத தவறைக்கூடத் திருத்திவிடுவது அன்று முதல் அவர்கள் வழக்கம்.

அந்த வழக்கத்தின் பலன் 2024 ஜூலையில் தெரிந்தது. கடவுச்சொல்கூட இல்லாமல் ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமை, வரை போக வழிவிடும் ஓட்டை ஒன்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் இருப்பது வெளியானது. லினக்ஸ் சர்வர் வைத்திருந்தவர்கள் பலரும் ஓடிப்போய் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. ஓப்பன்பிஎஸ்டிக்கு அதனால் பாதிப்பு இல்லை. உள்நுழைய ஒதுக்கிய நேரம் முடியும்போது சர்வர் நிரல் லாக் எழுதும். அந்தச் சிக்கலான தருணத்தில் கூப்பிட்டாலும் குழம்பாத ஒரு லாக் செயற்கூற்றை அவர்கள் 2001-லேயே எழுதி வைத்திருந்தார்கள். இந்தத் தாக்குதலை எதிர்பார்த்து எழுதியதல்ல அது. தவறாக இருந்ததைச் சரியாக எழுதினார்கள், அவ்வளவுதான். நான் இந்த இயங்குதளத்தை நம்புவதற்கு முதல் காரணம் இந்த மனப்பான்மை.

இரண்டாவது காரணம் ப்ளெட்ஜ், அன்வெயில் என்ற இரண்டு ஏற்பாடுகள். ப்ளெட்ஜ் வழியாக ஒரு நிரல் தொடங்கியதும் ‘இனி இந்த இந்த வேலை மட்டுமே செய்வேன்’ என்று இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வாக்குக் கொடுக்கிறது. வாக்கை மீறினால் கர்னல் அந்த இடத்திலேயே அதைக் கொன்றுவிடும். அன்வெயில் ஃபைல்களுக்கானது: சொன்ன ஃபோல்டர்களைத் தவிர மற்றவை அந்த நிரலின் கண்ணுக்கே தெரியாது. ஓட்டை வழியாக ஒருவன் உள்ளே வந்தாலும், சிக்கிய நிரலின் சிறிய அறைக்குள்தான் நிற்பான். 2017 முதல் ஒவ்வொரு பூட்டிலும் கர்னலின் உறுப்புகள் புது வரிசையில் இணைக்கப்படுகின்றன. ஒரு கணினியில் கண்டுபிடித்த நினைவக முகவரி அடுத்த கணினியில் உதவாது. இவை எதையும் நீங்கள் ‘ஆன்’ செய்ய வேண்டாம்.

இனி நண்பர் சொல்லாத பக்கம். நீண்ட காலத்தில் இரண்டே இரண்டு தொலைதூர ஓட்டைகள்தான் என்று திட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருப்பார்கள். அதில் ‘இயல்பு நிறுவலில்’ என்றொரு சொல் இருக்கிறது. நிறுவி முடித்த கையோடு வெளியுலகுக்குக் காதுகொடுப்பது, நீங்கள் சம்மதித்தால், எஸ்எஸ்ஹெச் ஒன்றே. அதன் மேல் நீங்கள் ஏற்றும் பிஹெச்பி தளத்துக்கும் அதன் பழைய பிளகின்களுக்கும் அந்த வாக்கியம் பொறுப்பல்ல. அவர்களுடைய சொந்த மின்னஞ்சல் சர்வரான ஓப்பன்எஸ்எம்டிபிடியிலேயே 2020 ஜனவரியில் பெரிய ஓட்டை வெளியானது. ரூட்டாகக் கட்டளை ஓட்ட முடிந்தது. இயல்பில் அது கணினிக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். அதை வெளியே திறந்துவிட்டு, திருத்தத்தைப் போடாமல் இருந்தவர்களுக்கு ஆபத்து நேராக வாசலுக்கே வந்தது. நீங்களும் மின்னஞ்சல் ஓட்டுகிறீர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, சர்வருக்கு வருவோம். நிறுவும்போதே சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். ரூட் எஸ்எஸ்ஹெச்சில் நுழையலாமா என்று கேட்கும். ‘நோ’ என்பதே இயல்பு, அப்படியே விடுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் பொதுச்சாவியை ஏற்றி, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று இன்னொரு டெர்மினலில் பார்த்துக்கொண்டு, பிறகு கடவுச்சொல் நுழைவை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். லாகில் நீங்கள் பார்க்கும் ஊகங்கள் அதன் பிறகும் வரும், ஆனால் ஊகிக்க எதுவும் இருக்காது. சாதாரணப் பயனராக இருந்தபடி ரூட் கட்டளை ஓட்ட சூடோ தேடாதீர்கள், அதன் இடத்தில் டூஆஸ் இருக்கிறது. அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே வரி.

ஃபயர்வாலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிஎஃப் என்ற இதன் ஃபயர்வால் முதல் பூட்டிலிருந்தே ஓடும். ஆனால் அதோடு வரும் விதிக் கோப்பில் ‘தடு’ என்றொரு வரி, அதன் கீழேயே ‘விடு’ என்றொரு வரி. பிஎஃப்பில் பொருந்தும் விதிகளில் கடைசியாக வருவதே செல்லும். ஆகவே ஏறக்குறைய எல்லாமே உள்ளே வரும். ‘ஃபயர்வால் ஓடுகிறது’ என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். பொதுவாக எல்லா வரத்தையும் தடுத்து, எஸ்எஸ்ஹெச், இணையதளம், மின்னஞ்சல் ஆகியவற்றின் போர்ட்களை மட்டும் திறந்து, வெளியே போவதை அனுமதித்து நாலைந்து வரி எழுதினால் போதும். மனிதர் படிக்கக்கூடிய வரிகள் அவை. இந்த அளவுக்குத் தெளிவாக எழுத முடிகிற ஃபயர்வாலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏற்றுவதற்கு முன் சோதனை முறையில் ஒருமுறை ஓட்டிப் பிழை பாருங்கள். ஆனால் அந்தச் சோதனை எழுத்துப் பிழையைத்தான் காட்டும். எஸ்எஸ்ஹெச் வரியையே நீங்கள் மறந்திருந்தால் அதைக் காட்டாது. அதனால் சர்வர் நிறுவனம் தரும் கன்சோல் வழி நுழைவைத் திறந்து வைத்துக்கொண்டே விதிகளை மாற்றுங்கள். ஒருமுறை நள்ளிரவில் என்னை நானே வெளியே பூட்டிக்கொண்டபோது என்னைக் காப்பாற்றியது அந்தக் கன்சோல்தான்.

இணையதளத்துக்கு உள்ளேயே ஹெச்டிடிபிடி இருக்கிறது, சான்றிதழ் வாங்க ஏக்மி கிளையன்ட் இருக்கிறது. தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: வெப் சர்வரும் பிஹெச்பியும் ‘வார்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ ஃபோல்டரில் அடைபட்டு ஓடும். அவற்றைப் பொறுத்தவரை உலகமே அதுதான். உங்கள் பிஹெச்பி தளம் வெளித்தளங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் திணறினால், டிஎன்எஸ் அமைப்புக் கோப்பும் சான்றிதழ்க் கோப்பும் அந்தக் கூண்டுக்குள் இல்லை என்று பொருள். இரண்டையும் உள்ளே நகலெடுத்து வையுங்கள். தளம் ஓடவில்லையே என்று கூண்டையே கழற்றிவிடும் யோசனை இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தப் பாதுகாப்புக்காக மாறினீர்களோ அதைத்தான் கழற்றுகிறீர்கள்.

அப்டேட் விஷயத்தில் உங்களுக்கு உறுதி இல்லையென்றால் லினக்ஸிலேயே இருந்துவிடுங்கள் என்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம்தான் திருத்தம் கிடைக்கும். ஐந்து வருடம் தொடாமல் விடும் வசதி இங்கே கிடையாது. இடையில் வரும் திருத்தங்களுக்கு சிஸ்பேட்ச், அடுத்த வெளியீட்டுக்குப் போக சிஸ்அப்கிரேட். இரண்டும் ஒற்றைக் கட்டளைகள். ஆனால் ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். சிஸ்பேட்ச் அடிப்படை அமைப்பை மட்டுமே திருத்தும். நீங்கள் தனியாக ஏற்றிய பேக்கேஜ்களை வேறு கட்டளையால் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, ‘சிஸ்பேட்ச் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்’ என்று பழைய பிஹெச்பியோடு சர்வர் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

லேப்டாப் வேறு கதை. என்விடியா கிராஃபிக்ஸ் மட்டுமே உள்ள கணினியானால் விட்டுவிடுங்கள். இன்டெல், ஏஎம்டி நன்றாக ஓடும். ப்ளூடூத் கிடையவே கிடையாது. 2014-ல் அந்த நிரலையே நீக்கிவிட்டார்கள். பல வைஃபை சில்லுகளின் ஃபர்ம்வேர், உரிமக் காரணத்தால், நிறுவும் கோப்போடு வராது. முதல் முறை கேபிள் வழியாகவோ போனை யூஎஸ்பியில் இணைத்தோ அதை இறக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீடியோ மீட்டிங்கில் மைக் வேலை செய்யாது. பழுது என்று நினைக்காதீர்கள்: ஒலிப்பதிவும் வீடியோப் பதிவும் கர்னல் அளவிலேயே இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். சிஸ்சிடிஎல் கட்டளையால் இரண்டு கர்னல் அமைப்புகளை மாற்றினால் திறக்கும். மீட்டிங் பிரவுசரில் ஓடினால் சமாளிக்கலாம். அதற்கென்று தனிச் செயலி வேண்டுமென்றால் பெரும்பாலும் கிடைக்காது. பிரவுசரில் ஃபைல் இணைக்கப் போனால் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் கண்ணில் படாது. அன்வெயில் காரணமாக ஃபயர்பாக்ஸுக்கும் குரோமியத்துக்கும் ‘டவுன்லோட்ஸ்’ மட்டும்தான் தெரியும். அனுப்ப வேண்டியதை அங்கே நகலெடுத்து அனுப்பும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். எனக்கு இப்போது அப்படியில்லாத பிரவுசரைப் பார்த்தால்தான் பயம்.

வட்டை முழுதாக மறையாக்கம் செய்யும் தெரிவு நிறுவும்போதே கிடைக்கிறது. லேப்டாப்பில் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். கோப்பு முறைமை பழையது, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இல்லாதது. மின்சாரம் திடீரென்று போனால் அடுத்த பூட்டில் நீண்ட சோதனை ஓடும், சில சமயம் கைமுறையாகவும் ஓட்ட வேண்டும். பேக்கப் இல்லாமல் இறங்காதீர்கள்.

உங்கள் பயம் வேறு மாதிரியானதென்றால் பதிலும் வேறு. தெரியாதவர்கள் அனுப்பும் ஃபைல்களைத் திறப்பதே வேலை என்றால், ஒவ்வொரு வேலையையும் தனி மெய்நிகர் கணினியில் அடைக்கும் கியூப்ஸ் ஓஎஸ் பொருத்தம். அதற்கு நிறைய ராம் வேண்டும். அடையாளம் மறைய வேண்டுமென்றால் அடையாளம் மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக மட்டுமே பேசும் டெயில்ஸ் என்ற இயங்குதளம். ஓப்பன்பிஎஸ்டி உங்கள் அடையாளத்தை மறைக்காது.

லேப்டாப்பை அழிக்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நிறுவும் யூஎஸ்பி ஒன்று, வெற்று யூஎஸ்பி ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டாவதன் மேல் முழு அமைப்பையும் நிறுவுங்கள். எந்த வட்டு என்று கேட்கும் இடத்தில் அளவைப் பார்த்து நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்; அங்கே தவறினால் உங்கள் லினக்ஸ் போய்விடும். அதிலிருந்து பூட் செய்து டிமெஸ்ஜி (dmesg) கட்டளையின் வெளியீட்டைப் படியுங்கள். ‘நாட் கான்ஃபிகர்டு’ என்று முடியும் வரிகள்தான் டிரைவர் கிடைக்காத வன்பொருள்கள். அதில் உங்கள் வைஃபையும் கேமராவும் இல்லையென்றால், அதே யூஎஸ்பியில் ஒரு மீட்டிங்கை நடத்திப் பாருங்கள். லேப்டாப்பைப் பற்றி அதன் பிறகு முடிவெடுக்கலாம். சர்வரை மாற்றும் வேலைக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.