ஏழாவது படித்த லாரி ஓட்டுநர் டேங்கருக்கு மாற இங்கிலீஷ் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: என் மச்சான் வாலிநோக்கத்தில் உப்பு லோடு ஓட்டுகிறார். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. தமிழ் தடையில்லாமல் வாசிப்பார், இங்கிலீஷில் எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரியும். பெட்ரோல் டேங்கருக்கு மாறலாமா, வெளிநாடு போகலாமா என்று யோசிக்கிறார். மொழி தடையாக இருக்குமா?

பதில்:

உப்பு, கரி, மிளகாய் வத்தல், ஐஸ் போட்ட மீன் என்று நம் கடற்கரையிலிருந்து கிளம்பும் சாதாரண லோடு எதற்கும் சட்டப்படி இங்கிலீஷ் தேவையில்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல், 8ஆம் விதியாக இருந்த நிபந்தனையையும் 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். இன்றும் "எட்டாவது சர்டிபிகேட் ஏற்பாடு செய்கிறோம்" என்று காசு கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் கையில் இருக்கும் லைசென்ஸுக்கும் ஆபத்து.

டேங்கருக்கு விதி வேறு. அதுவும் எல்லா டேங்கருக்கும் அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தில் அதிகம் ஓடும் குடிதண்ணீர் டேங்கருக்கும் பால் டேங்கருக்கும் இது பொருந்தாது. பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, ஆசிட், குளோரின் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றினால்தான் 9ஆம் விதி வரும். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏதாவது ஓர் இந்திய மொழியையும், அதோடு இங்கிலீஷையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. தமிழ் அந்த அட்டவணையில் இருப்பதால் மச்சானுக்குப் பாதி நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பலர் "எட்டாவது அட்டவணை" என்பதை எட்டாம் வகுப்பு என்று புரிந்துகொண்டு பின்வாங்குகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மொழியோடு மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் அதை முடித்து ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டினால் லைசென்ஸில் எண்டார்ஸ்மென்ட், அதாவது ஆபத்தான சரக்கு ஓட்டலாம் என்ற குறிப்பு, போடுவார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான காலம் மூன்று ஆண்டு. புதுப்பிக்கும்போது ஒரு நாள் பயிற்சிக்கு மறுபடி உட்கார வேண்டும்.

இனி அந்த இங்கிலீஷ் எவ்வளவு என்பதற்கு வருவோம். விதியில் மதிப்பெண் எதுவும் சொல்லப்படவில்லை, இலக்கணமும் கேட்கப்படவில்லை. வேலைக்கு உண்மையில் வேண்டியது இருநூறு சொற்களுக்குள் அடங்கும். ஆனால் அந்தச் சொற்களில் தவறு நடக்கக் கூடாது. டேங்கரின் இரண்டு பக்கமும் பின்னாலும் இருக்கும் அவசரகாலத் தகவல் பலகையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதில் சரக்கின் பெயர், யுஎன் எண் (ஆபத்தான சரக்குக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி தரப்பட்ட நான்கு இலக்க எண்), வகைச் சின்னம், அவசரத் தொலைபேசி எண், சரக்கை அனுப்பியவரின் பெயரும் எண்ணும் இருக்கும். பெட்ரோல் 1203, டீசல் 1202, எல்பிஜி 1075, குளோரின் 1017. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. சாதாரண வெயிலில் டீசலின் ஆவி சட்டென்று பற்றாது, பெட்ரோலின் ஆவி பற்றிவிடும். அதனால் தொலைபேசியில் "ஆயிரத்து இருநூற்று மூன்று" என்று சேர்த்துச் சொல்லாமல் ஒன்று, இரண்டு, பூஜ்யம், மூன்று என்று தனித்தனியாகச் சொல்லப் பழக வேண்டும்.

அதே பலகையில் பெட்ரோலுக்கு 3, ஒய், ஈ என்று ஒரு குறியீடு இருக்கும். அது தீயணைப்பு வீரர்களுக்கானது. 3 என்றால் நுரையால் அணைக்க வேண்டும், ஒய் என்றால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு, ஈ என்றால் சுற்றியுள்ளவர்களை அப்புறப்படுத்த யோசிக்க வேண்டும். ஓட்டுநர் இதை விளக்க வேண்டியதில்லை, எழுத்துக்கு எழுத்து வாசித்துச் சொன்னால் போதும்.

அடுத்தது டிரெம் கார்டு, அதாவது சரக்கு கொட்டினாலோ தீப்பிடித்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை. இதை ஓட்டுநரின் கேபினில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருப்பது கட்டாயம். டேஷ்போர்டுக்கு அடியில் பில் கட்டோடு திணித்து வைத்தால் வண்டி சாயும் நேரத்தில் கிடைக்காது. கார்டில் ஹசார்ட் (ஆபத்து), ஸ்பில்லேஜ் (சரக்கு கொட்டுவது), ஃபயர் (தீ), ஃபர்ஸ்ட் எய்ட் (முதலுதவி), புரொடெக்டிவ் (பாதுகாப்புச் சாதனம்) என்ற தலைப்புகள் வரும். அந்த ஐந்து தலைப்பையும் பார்த்தவுடன் எது எது என்று தெரிந்தால், கீழே உள்ள வரிகளைத் தமிழில் ஒருமுறை கேட்டு மனதில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு சொல் அடிக்கடி ஏமாற்றும். "ஃப்ளேமபிள்", "இன்ஃப்ளேமபிள்" இரண்டும் ஒன்றுதான், எளிதில் தீப்பற்றும் என்று பொருள். முன்னால் "இன்" வந்தால் எதிர்ச்சொல் என்று பள்ளியில் படித்த நினைவில் சிலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "நான்" என்று முன்னால் இருந்தால் மட்டுமே தீப்பற்றாதது.

எழுதத் தெரிவது என்பது பெரும்பாலும் எண்தான். இன்வாய்ஸ், டேங்கரின் பூட்டில் உள்ள சீல் எண், டிப் அளவு (கோல் விட்டுப் பார்க்கும் எண்ணெய் மட்டம்), 15 டிகிரிக்கான டென்சிட்டி (அடர்த்தி), வண்டி எண், நேரம். சீல் எண்ணை நகல் எடுக்கும்போது ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும், ஐ என்ற எழுத்தும் ஒன்றும் மாறிப்போவதுதான் வழக்கமான பிழை. பங்க்கில் எண் பொருந்தாவிட்டால் லோடை இறக்க மாட்டார்கள், பழி ஓட்டுநர் மேல் விழும்.

விபத்து நடந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பதும் விதி. உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ என்றால் 112-இல் தமிழில் சொல்லிவிடலாம். நெல்லூரைத் தாண்டிவிட்டால் தமிழ் போதாது. "டேங்கர் ஓவர்டர்ன். பெட்ரோல் லீக். நோ ஃபயர். யுஎன் ஒன் டூ ஜீரோ த்ரீ." இந்த நான்கு துண்டும் பிறகு சாலை எண்ணும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணும் போதும். முழு வாக்கியம் தேடித் தடுமாறுவதைவிட இது நல்லது. தினமும் ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பதற்றத்திலும் வரும். "முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்புக்குக் கட்டும் பணம் இந்த வேலைக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. தெரிந்த பங்க்கில் ஒரு பழைய டிரெம் கார்டு நகல் வாங்கிக் கொடுங்கள், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். தினம் அரை மணி நேரம் என்றால் ஆறு வாரத்தில் கை வந்துவிடும்.

வெளிநாட்டில் அமெரிக்காதான் மிகக் கண்டிப்பு. பொதுமக்களோடு பேச, சாலைப் பலகையைப் புரிந்துகொள்ள, அதிகாரி கேட்டால் பதில் சொல்ல, பதிவேடு எழுத இங்கிலீஷ் போதுமான அளவு தெரிய வேண்டும் என்பது அங்கே பழைய கூட்டாட்சி விதி. 2016-க்குப் பிறகு மீறினாலும் வண்டியை நிறுத்திவைக்காமல் இருந்தார்கள். 2025 ஜூன் 25 முதல், தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஓட்டுவதைத் தடுத்துவிடுகிறார்கள். சோதனை இரண்டு கட்டம்: முதலில் இங்கிலீஷில் கேள்வி பதில், பிறகு சாலைக் குறியீடுகள். மொழிபெயர்ப்பாளரோ கைபேசிச் செயலியோ பயன்படுத்த முடியாது. அங்கே பல பலகைகளில் படத்துக்குப் பதில் சொற்களே இருப்பதால் இந்தக் கண்டிப்புக்குக் காரணமும் இருக்கிறது. இதைவிட முக்கியமானது, 2025 ஆகஸ்டில் லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசா வழங்குவதை அந்நாடு நிறுத்திவைத்தது. அமெரிக்க லாரி வேலை என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து ஆட்கள் அதிகம் போகும் வளைகுடா இதைவிட எளிது. துபாயில் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எடுக்கலாம். ஆனால் தேர்வு தமிழில் இருப்பதால் சாலையும் தமிழில் இருக்காது; பலகைகள் அரபியிலும் இங்கிலீஷிலும்தான். அரபி எண்களை மச்சான் இங்கேயே கற்றுக்கொண்டு போகட்டும், இரண்டு மணி நேர வேலை. நம் பூஜ்யம் போன்ற வட்டம் அங்கே ஐந்து. வெறும் புள்ளிதான் பூஜ்யம். நம் ஏழு போலத் தெரிவது ஆறு, மேல்பக்கம் திறந்த வீ வடிவம் ஏழு. எடைமேடைச் சீட்டில் இவற்றை மாற்றி வாசித்தால் டன் கணக்கில் தப்பும்.