ரத்தம் இங்கே, கட்டுரை அங்கே

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவரோடு சேர்ந்து செய்யும் மருத்துவ ஆராய்ச்சியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது நாங்கள், கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வது வெளிநாட்டுக்காரர்கள். இதில் உள்ளூரில் என்ன திறன் வளர்ந்துவிடும்?

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொல்கிறபடி நடக்கும் இடங்கள் நிறைய. ஆனாலும் உகாண்டாவைக் கொஞ்சம் பாருங்கள்.

ராக்காய் பகுதியில் ஆட்களை எலும்பும் தோலுமாக்கிய 'ஸ்லிம்' நோயை (எய்ட்ஸுக்கு அங்கே வழங்கிய பெயர்) பற்றி 1985இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியதுதான். ஆனால் முதல் பெயர் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்து டேவிட் செர்வாடா. நெல்சன் செவாங்காம்போவின் பெயரும் முன்வரிசையில் இருக்கிறது. 1988இல் இவர்கள் இருவரும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ராக்காய் திட்டம் என்ற எச்.ஐ.வி. ஆய்வைத் தொடங்கினார்கள். இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகமான ஜான்ஸ் ஹாப்கின்ஸும் அதில் கூட்டு. ஆக, அமெரிக்கக் கூட்டாளி வருவதற்கு முன்பே கேள்வி அவர்களிடம் இருந்தது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தது பொறுமையான வேலை. கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது, பேட்டி காண்பது, ரத்தம் எடுப்பது, கொஞ்ச காலம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போவது. சுமார் 5,000 ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், விருத்தசேதனம் (ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது) ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 2007இல் நிரூபித்ததும் இதே ராக்காய்தான். செவாங்காம்போ மருத்துவப் புலத்துக்கும், செர்வாடா பொதுச் சுகாதாரப் புலத்துக்கும் டீன் ஆனார்கள்.

ஆள் பயிற்சியில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகமும் மக்கரேரேயும் சேர்ந்து நடத்திய முனைவர் பட்டத் திட்டம். கள ஆய்வு உகாண்டாவில். பாடத்துக்கும் பகுப்பாய்வுக்கும் சில மாதங்கள் ஸ்டாக்ஹோம், பிறகு ஊர் திரும்ப வேண்டும். படிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிடும் பிரச்சினைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். யாரும் பேசாத இடம் இதுதான். ஆராய்ச்சி மானியத்தில், ஆய்வுச் செலவுக்கு மேல் நிறுவனத்துக்குத் தரும் ஓவர்ஹெட் என்று ஒரு தொகை உண்டு. கணக்குப் பிரிவு, நெறிமுறைக் குழு, மின்சாரம், கட்டடம் எல்லாம் அதில்தான் ஓட வேண்டும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இது நேரடி ஆய்வுச் செலவில் 50 சதவீதத்தைத் தாண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். நீண்டகாலம் தந்தது 8 சதவீதம். எட்டு சதவீதத்தில் நல்ல கணக்காளர் ஒருவரை எத்தனை வருடம் வைத்துக்கொள்ள முடியும்? அவர் போய்விட்டால் அடுத்த மானியத்தையும் அமெரிக்கக் கூட்டாளிதான் வாங்கிப் பங்கு பிரிப்பார். ஆராய்ச்சியாளரை வளர்த்துவிட்டு அலுவலகத்தைப் பட்டினி போடுவது என்னைப் பொறுத்தவரை அநியாயம்.

உங்கள் கல்லூரிக்கு அடுத்த ஒப்பந்தம் வரும்போது ஓவர்ஹெட் எவ்வளவு என்று கேளுங்கள். ஃப்ரீசரில் இருக்கும் ரத்த மாதிரியை வெளியே அனுப்ப யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஆய்வகத்தில் இருப்பவர் நீங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.